எழுத்தும் ஒலியும் ஏன் ஒத்துப்போவதில்லை?

"தமிழை எழுதியிருக்கிறபடியே படித்துவிடலாம். ஆங்கிலத்தில்தான் ஒன்றை எழுதி இன்னொன்றைப் படிக்க வேண்டும்." இதைக் கேட்காமல் வளர்ந்த தமிழர் அநேகமாக இருக்க மாட்டார். இதில் பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் சுவாரசியமே இருக்கிறது. எழுத்துக்கூட்டல், அதாவது பேச்சில் நாம் ஸ்பெல்லிங் என்று சொல்வது, ஒரு மொழியில் எப்படி அமைகிறது, சில மொழிகளில் உச்சரிப்பை ஒட்டியே போவதும் சிலவற்றில் விலகிப்போவதும் எதனால் என்று பார்ப்போம்.

முதலில் அடிப்படை. எழுத்தும் ஒலியும் ஒன்றல்ல. பேச்சு குழந்தைக்குத் தானாக வருகிறது. எழுத்தை யாராவது உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டும். இந்த வடிவத்துக்கு இந்த ஒலி என்பது ஒரு சமூகம் தனக்குள் செய்துகொண்ட ஏற்பாடு, அவ்வளவுதான். லதா என்ற பெயரை ரோமன் எழுத்தில் எழுதச் சொன்னால் சென்னையில் 'டி'க்குப் பக்கத்தில் ஒரு 'எச்' போடுவார்கள். டெல்லியில் போட மாட்டார்கள். நமக்கு வெறும் டி என்றால் ட, எச் சேர்ந்தால் த. இந்திக்காரர்களுக்கு வெறும் டியே த; எச் சேர்த்தால் அது மூச்சை அழுத்திச் சொல்லும் வேறொரு ஒலி, அவர்கள் மொழியில் அதற்குத் தனி எழுத்து உண்டு. கவிதா, சுனிதா, கீதா எல்லாப் பெயர்களிலும் இதே கதை. இரண்டு ஊர்க்காரர்களும் தவறு செய்யவில்லை. ஏற்பாடுதான் வேறு.

அடுத்து, உச்சரிப்போடு ஒத்துப்போகிறதா என்று கேட்கும்போது உண்மையில் இரண்டு கேள்விகள் அதில் கலந்திருக்கின்றன. எழுதியிருப்பதைப் பார்த்தால் சரியாக வாசிக்க முடிகிறதா? காதில் கேட்டதைச் சரியாக எழுத முடிகிறதா? இந்த இரண்டும் ஒன்றாகவே போக வேண்டும் என்று கட்டாயமில்லை.

பிரெஞ்சு இதற்கு நல்ல சாட்சி. அதில் வாசிப்பதற்கு விதிகள் நிறைய இருந்தாலும் அவை பெரும்பாலும் நம்பகமானவை. ஓரளவு பழகியவர் புதிய சொல்லைப் பார்த்தாலும் சரியாகவே வாசித்துவிடுவார். எழுதுவதுதான் பாடு. 'வெர்' என்று காதில் விழுந்தால் அது புழுவாக இருக்கலாம், பச்சை நிறமாக இருக்கலாம், கண்ணாடியாக இருக்கலாம், 'நோக்கி' என்ற பொருளும் இருக்கலாம். நான்குக்கும் நான்கு எழுத்துக்கூட்டல்கள், ஒலி ஒன்றே. ஸ்பானிஷ் இதைவிட எவ்வளவோ சுலபம். பார்த்ததும் வாசிக்கலாம். ஆனால் அதிலும் எச் என்ற எழுத்து ஒலிப்பதே இல்லை. பி-யும் வி-யும் ஒரே ஒலி. அலைக்கும் 'ஹலோ'வுக்கும் அவர்கள் சொல்வது 'ஓலா'தான், ஒன்றில் மட்டும் முன்னால் எச் நிற்கும். ஸ்பெயின் பிள்ளைகளும் டிக்டேஷனில் மார்க் இழப்பது இங்கேதான்.

இரண்டு திசையிலும் ஏறத்தாழ முழுமையாகப் பொருந்தும் மொழி வேண்டுமென்றால் பின்லாந்துக்குப் போக வேண்டும். ஃபின்னிஷ் மொழியில் துலி என்றால் நெருப்பு, தூலி என்றால் காற்று, துல்லி என்றால் சுங்கம். உயிர் நீண்டால் அந்த எழுத்தை இரண்டு முறை எழுதுவார்கள், மெய் இரட்டித்தால் அதையும் இரண்டு முறை. படம், பாடம், பட்டம் என்று பழகிய நம் காதுக்கு இது அந்நியமாகவே படாது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, 13 ஐரோப்பிய எழுத்துக்கூட்டல்களில் பள்ளியின் முதல் வருட முடிவில் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று ஒப்பிட்டது. பழக்கமான சொற்களில் ஃபின்னிஷ் பிள்ளைகள் நூற்றுக்கு 98 அளவில் சரியாக வாசித்தார்கள். ஆங்கிலத்தில் படித்த ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் 34. ஸ்காட்லாந்தில் பள்ளிக்குச் சேரும் வயது குறைவு என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்தான். ஆனாலும் அவ்வளவு பெரிய இடைவெளி வயதால் மட்டும் வந்ததல்ல. ஆங்கிலம் படிக்கத் திணறும் குழந்தையை மக்கு என்று சொல்வதற்கு முன் பெரியவர்கள் இந்த இரண்டு எண்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, ஆங்கிலம் எப்படி இந்த நிலைக்கு வந்தது?

போர்வீரனைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். எழுதுவது கே, என், ஐ, ஜி, எச், டி. ஆறு எழுத்தில் ஒலிப்பது பாதி. ஆனால் 14-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்த எழுத்துகள் அத்தனைக்கும் வேலை இருந்தது. முதலில் 'க்' என்று சொல்லி அதோடு 'னி' சேர்த்தார்கள். ஜி-யும் எச்சும் சேர்ந்த இடத்தில் தொண்டைப் பக்கமிருந்து உரசிக்கொண்டு வரும் ஒரு ஒலி இருந்தது. 'க்னிஹ்ட்' என்று எழுதினால் கிட்டத்தட்ட வரும். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஜெர்மனில் 'க்னெஹ்ட்' என்ற சொல் இன்றும் அப்படியேதான் ஒலிக்கிறது. ஆக, அந்த ஸ்பெல்லிங்கை எழுதியவர்கள் காதில் கேட்டதைத்தான் எழுதினார்கள். பிறகு பேச்சு மாறியது, எழுத்து நின்றுவிட்டது.

எழுத்து நின்றதற்கு அச்சு ஒரு பெரிய காரணம். வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை அமைத்தார். அச்சுக்கோப்பவர்கள் வழியாக ஒரே மாதிரியான எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்லப் பரவி உறைந்தது. ஆனால் அதே காலத்தில், சுமார் 1400 முதல் 1700 வரை, ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் எல்லாமே இடம்பெயர்ந்துகொண்டிருந்தன. 'நாம' போல ஒலித்த சொல் 'நேம்' ஆனது. 'டீம' என்றது 'டைம்' ஆனது. 'ஹூஸ்' என்றது 'ஹவுஸ்'. 'ஃபேட்' என்றது 'ஃபீட்'. மற்ற ஐரோப்பிய மொழிகளில் உயிரெழுத்துகளின் பெயரை ஆ, ஏ, ஈ என்று சொல்லும்போது ஆங்கிலத்தில் மட்டும் ஏ, ஈ, ஐ என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். சொல்லுக்குள் இருந்த ஒலி நகர்ந்தபோது எழுத்தின் பெயரும் கூடவே நகர்ந்துவிட்டது. ஒரு மொழியின் உயிர்கள் பாதி வழியில் இருக்கும்போது அதன் எழுத்துக்கூட்டலைப் பூட்டிவைத்தது போல ஆயிற்று.

இதற்கு மேல் படித்தவர்களின் கைவேலையும் உண்டு. கடனைக் குறிக்கும் 'டெட்' பிரெஞ்சிலிருந்து வந்த சொல். வந்தபோது அதில் பி கிடையாது, உச்சரிப்பிலும் கிடையாது. பின்னால் வந்த அறிஞர்கள், இதன் மூலச் சொல்லான லத்தீன் 'டெபிடும்' என்பதில் பி இருக்கிறதே என்று நடுவில் அதைச் செருகினார்கள். தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' பழைய ஆங்கிலச் சொல். லத்தீனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதையும் லத்தீன் உறவு என்று தவறாக எண்ணி எஸ் சேர்த்துவிட்டார்கள். யாருமே எப்போதும் ஒலிக்காத எழுத்துகள் அவை. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பிள்ளைகள் இன்றுவரை அதை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஆங்கிலம்தான் இந்த விஷயத்தில் மோசம் என்று நினைத்தால் திபெத்திய மொழியைப் பார்க்க வேண்டும். அதன் எழுத்து ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பே உறுதிப்பட்டுவிட்டது. எட்டு என்ற எண்ணை எழுத ப, ர, க, ய, த என்று ஐந்து மெய்கள் வேண்டும். லாசாவில் சொல்வதோ ஏறக்குறைய 'கியே'. லடாக், பால்டிஸ்தான் பக்கத்துப் பேச்சில் அந்தப் பழைய மெய்களில் சில இன்னமும் காதில் விழுகின்றன. எழுதியவர்கள் வீணாக எழுதவில்லை என்பதற்கு அதுவே ஆதாரம். தாய்லாந்தில் வேறு விதம். பாங்காக் விமான நிலையத்தின் பெயரை நாம் சுவர்ணபூமி என்று படிப்போம், அவர்கள் எழுதியிருப்பதும் அதைத்தான். சொல்வது 'சுவன்னபூம்'. வடமொழிச் சொற்களின் எழுத்தைத் தாய் மொழி மரியாதையோடு காப்பாற்றுகிறது, உச்சரிப்பைத் தன் வாய்க்கு ஏற்றபடி வைத்துக்கொள்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் காலம் செய்த வேலை. சில மொழிகளில் எழுத்து ஒலியை விட்டு விலகுவது யோசித்து எடுத்த முடிவு.

கொரிய எழுத்தான ஹங்குல் மன்னர் செஜோங் காலத்தில் உருவாகி 1446-இல் வெளியிடப்பட்டது. 'க' ஒலிக்கு நாக்கின் பின்பகுதி உயரும் வடிவம், 'ம'வுக்கு வாயின் வடிவம் என்று யோசித்து யோசித்து அமைத்த எழுத்து. உலகில் இதைப் புகழாத மொழியறிஞர் குறைவு. இவ்வளவு துல்லியமான எழுத்தை வைத்துக்கொண்டு கொரியர்கள் ஒலித்தபடியேவா எழுதுகிறார்கள் என்றால், இல்லை. குக் என்றால் சூப், முல் என்றால் தண்ணீர். சூப்பின் சாற்றை 'குக்முல்' என்று எழுதுவார்கள், 'குங்முல்' என்று சொல்வார்கள். க் அடுத்து ம வந்தால் அந்த க் மூக்கொலியாகிவிடும். எழுத்தில் அதைக் காட்டாமல் விட்டதற்குக் காரணம், குக் என்ற சொல் எங்கே வந்தாலும் கண்ணுக்கு ஒரே முகமாகத் தெரிய வேண்டும் என்பதுதான். 1933-இல் கொரிய மொழிக் கழகம் வகுத்த எழுத்துக்கூட்டல் விதிகள் இந்த வழியை உறுதிசெய்தன. ஒலியைக் காட்டுவதா, சொல்லின் வேரைக் காட்டுவதா என்ற கேள்வியில் அவர்கள் வேரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

தமிழ் இதில் நேர் எதிர். மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரங்கள் என்றே எழுதுகிறோம், மரம்கள் என்று எழுதுவதில்லை. கடல் கரையோடு சேர்ந்தால் கடற்கரை. பழைய நூல்களில் சொல்லும் மாலையும் சேர்ந்து சொன்மாலை ஆகிவிடும். நம் சந்தி விதிகள் ஒலி மாறினால் எழுத்தையும் மாற்றச் சொல்கின்றன. காதுக்கு நேர்மையான எழுத்து இது. கண்ணுக்குக் கொஞ்சம் சிரமம். சங்கப் பாடல்களைச் சந்தி பிரித்து அச்சிட்ட பிறகுதான் பலரால் படிக்க முடிந்தது. நாட்களா நாள்களா, பொருட்களா பொருள்களா என்று இன்றும் பத்திரிகை அலுவலகங்களில் நடக்கும் சண்டையும் அடிப்படையில் இதே கேள்விதான்.

ஆங்கிலமும் சில இடங்களில் கொரியன் வழியில் போகிறது. இறந்தகாலத்துக்கு இ, டி சேர்க்கிறார்கள். 'வாக்' அதனால் 'வாக்ட்' ஆகிறது, 'ப்ளே' சேரும்போது கடைசி ஒலி மெல்லிய 'ட்', 'வான்ட்' சேரும்போது 'வான்டிட்'. மூன்று உச்சரிப்பு, எழுத்து ஒன்றே. நம்மில் பலர் 'வாக்கெட்' என்று வாசிப்பது, அந்த எழுத்துகள் ஒலியைக் காட்டுவதாக நம்பிவிடுவதால். அவை இறந்தகாலம் என்பதைக் காட்ட நிற்கின்றன.

இப்போது தமிழுக்கு வருவோம். ஒரு எழுத்துக்கு ஒரு ஒலி என்று நாம் சொல்லிக்கொள்கிறோமே, கடல், தங்கம், அகம் என்று மூன்று சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் க வேறு வேறு. சொல்லின் தொடக்கத்தில் வல்லோசை, ங்-க்குப் பின்னால் அதிர்வோடு, இரண்டு உயிர்களுக்கு நடுவில் தளர்ந்து ஹ பக்கம் சாய்கிறது. ப, த, ட எல்லாம் இப்படித்தான். இது குறையா என்றால், தமிழ்ச் சொற்களைப் பொறுத்தவரை இல்லை. எந்த இடத்தில் எந்த ஒலி என்பதை இடமே சொல்லிவிடுகிறது. பொருளை மாற்றாத வேறுபாட்டுக்குத் தனி எழுத்து தேவையில்லை என்று நம் முன்னோர் விட்டார்கள். மொழியியலில் ஒலியன் என்று சொல்வது இதைத்தான்: பொருளை மாற்றும் ஒலிக்கு மட்டும் ஒரு எழுத்து. தமிழுக்குக் க நான்கு இல்லையே என்று வருந்துபவர்கள் இந்த நுட்பத்தைக் கவனிப்பதில்லை.

சிக்கல் வெளியிலிருந்து சொற்கள் வந்தபோதுதான் தொடங்கியது. குருவி என்பதில் தொடக்கம் வல்லோசை. குரு என்பதில் அப்படி இல்லை. "அந்தப் பாட்டில் என்ன இருக்கிறது?" என்று எழுதினால் பாட்டுக்குள் இருக்கும் கருத்தைக் கேட்கிறோமா, புட்டிக்குள் இருக்கும் திரவத்தைக் கேட்கிறோமா? எழுத்து ஒன்றுவிடாமல் ஒன்றே, சந்திகூட அப்படியே. உச்சரிப்பு இரண்டு. ஆங்கிலத்தில் 'ரீட்' என்பதை ரெட் என்றும் படிக்கிறார்களே என்று வியக்கும் நாம் இதை நாள்தோறும் யோசிக்காமல் கடந்துபோகிறோம்.

காலம் தமிழையும் விட்டுவைக்கவில்லை. மரம், மறம் இரண்டையும் ஒலியில் பிரித்துச் சொல்பவர்கள் இன்று தமிழ்நாட்டில் குறைவு. பழம் பல ஊர்களில் பளம் ஆகிவிட்டது. ந-வும் ன-வும் காதுக்கு ஒன்றே. பள்ளிக்கூட நோட்டில் சிவப்பு மையில் வட்டமிடப்படும் பிழைகளில் பெரும்பகுதி இந்த எழுத்துகளில்தான் விழும். ஆங்கிலப் பிள்ளை கே-யை மறப்பதற்கும் நம் பிள்ளை றகரத்தை மறப்பதற்கும் காரணம் ஒன்றே, காதில் அந்த வேறுபாடு விழுவதில்லை. இன்னொரு பெரிய விலகலும் இருக்கிறது. இலை என்று எழுதி எல என்கிறோம், உடம்பு என்று எழுதி ஒடம்பு என்கிறோம், அவன் என்பதில் கடைசி ன் மூக்கோடு கரைந்துவிடுகிறது. எழுத்துத் தமிழை எழுதியபடி படிக்கலாம் என்பது உண்மை. வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை என்பதும் உண்மை.

ஒரே தமிழ் எழுத்தே ஊருக்கு ஊர் வேறு ஏற்பாட்டில் இயங்குகிறது. காற்று என்ற சொல்லில் வரும் ற்ற-வைத் தமிழ்நாட்டில் கவனமாகப் படித்தால் 'ற்ற்ர' போலவும் பேச்சில் 'காத்து' என்றும் சொல்வோம். யாழ்ப்பாணத்தில் அது நாக்கு நுனி பல்லீறைத் தொடும் ஒலி, ஆங்கில டி-க்கு மிக நெருக்கம். அதனால்தான் ஈழத்தமிழர் ஆங்கில டி-யை ற, ர கொண்டு எழுதுகிறார்கள்: ரீச்சர், மார்க்கெற், இன்ரநெற். நாம் டொராண்டோ என்று எழுதும் நகரம் அவர்களுக்கு ரொறன்ரோ. தமிழ்நாட்டில் இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. அது வருத்தமான விஷயம், ஏனென்றால் ஆங்கில ஒலிக்கு நெருங்கி நிற்பது அவர்கள் எழுத்துதான். நம் ட நாக்கை மேலே மடித்துச் சொல்வது. ஆங்கிலத்தில் அந்த ஒலியே கிடையாது.

இத்தனை விலகல் இருந்தால் திருத்திவிடலாமே? திருத்தியவர்கள் இருக்கிறார்கள். துருக்கி 1928-இல் அரபு எழுத்தை விட்டு, தன் ஒலிகளுக்கென்று அமைத்த 29 லத்தீன் எழுத்துகளுக்குச் சில மாதங்களில் மாறியது. அன்று படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே சிறுபான்மை என்பதால் பழையதை மறக்க வேண்டியவர்களும் குறைவு. இன்றைய துருக்கிய எழுத்தைப் பார்த்தபடி வாசிக்கலாம். ஆனால் தாத்தா எழுதிய கடிதத்தைப் பேரன் படிக்க முடியாமல் போனது. ஆங்கிலத்தில் அமெரிக்கர் நோவா வெப்ஸ்டர் தன் 1828 அகராதியில் 'கலர்' போன்ற சொற்களில் ஒரு எழுத்தைக் குறைத்தார். அந்த அளவோடு நின்றது. லண்டன், கிளாஸ்கோ, டெக்சஸ், சிட்னி என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு உச்சரிப்பு இருக்கும்போது யாருடைய வாய்க்கு ஏற்றபடி திருத்துவது? இன்றைய ஸ்பெல்லிங் யாருடைய பேச்சையும் சரியாகக் காட்டாததால்தான் எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது என்பது என் எண்ணம்.

நம் திருத்தங்கள் வேறு வகை. தொல்காப்பியத்தின்படி குறில் எ, ஒ இரண்டுக்கும் மேலே புள்ளி உண்டு, நெடிலுக்கு இல்லை. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று எழுதாமலே விட்டதால் வெ-யும் வே-யும் பார்வைக்கு ஒன்றாகிப்போயின. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனிக் குறி கொடுத்து அதைத் தீர்த்தார். பெரியார் 1935 முதல் தன் இதழில் கையாண்ட ணை, லை, னா போன்ற வடிவங்களை 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்றது. இவை எழுத்தின் வடிவத்தைச் சீராக்கின; சொற்களின் எழுத்துக்கூட்டலைத் தொடவில்லை.

தமிழ் ஒலியை ரோமன் எழுத்தில் கொண்டுவரப் போனபோதுதான் அரசு சூடுபட்டது. 2020 ஜூனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்றபடி மாற்றும் அரசாணை வெளியே வந்தது. கோயம்புத்தூருக்கு டி, எச், டி, எச் என்று இரட்டை வரிசை. வேலூரில் நெடில் ஏ வர வேண்டும் என்பதற்காக வி-க்குப் பிறகு இரண்டு 'ஈ' போட்டார்கள். நெடிலுக்கு எழுத்தை இரட்டிப்பது ஃபின்னிஷ் வழியில் பார்த்தால் மிகச் சரி. ஆங்கிலம் தெரிந்தவர்கள் எல்லோரும் அதை 'வீலூர்' என்றே படித்தார்கள். எதிர்ப்பு வந்து சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. 1400 வாக்கில் லண்டனில் வாழ்ந்த ஒருவரிடம் அதே பலகையைக் காட்டியிருந்தால், 'ஃபீட்' என்ற சொல்லை அவர் 'ஃபேட்' என்று சொன்னவர்தானே, முதல் எழுத்தை 'வே' என்றே படித்திருப்பார்.